ஏரி வந்து போகும் நாடு

ஸ்லோவேனியாவின் மிகப் பெரிய ஏரியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், அது இப்போது இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. செர்க்னிட்சா ஏரி இலையுதிர்கால மழையில் நிறையும். வசந்தத்தில் பனி உருகும்போது இன்னொரு முறை நிறையும். கோடையில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். தண்ணீர் நின்ற இடத்தில் இடுப்பளவு புல் வளர்ந்திருக்கும். ஊர்க்காரர்கள் அதை அறுத்துக் காயவைத்து மாட்டுக்குச் சேர்த்துவைப்பார்கள். குளிர்காலத்தில் நீர் உறைந்தால் அதே இடத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடுவார்கள். பெருவெள்ளக் காலத்தில் 38 சதுர கிலோமீட்டர் வரை பரவுகிற ஏரி அது. சில வாரங்கள் கழித்துப் போனால் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பாறை முழுவதையும் துளையும் குகையுமாக ஆக்கிவிட்டது. ஏரியின் தரையிலும் ஓரங்களிலும் நிறைய வாய்கள். சிலவற்றின் வழியே நீர் வருகிறது, சிலவற்றின் வழியே போகிறது, சில வாய்கள் பருவத்துக்கு ஏற்ப இரண்டு வேலையும் செய்கின்றன. யோஹான் வைக்கார்ட் வல்வசோர் என்ற பிரபு 17-ஆம் நூற்றாண்டில் இந்த ஏரியைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். 1687-இல் அந்தச் சங்கத்தின் உறுப்பினராகவும் ஆனார். தன் நாட்டைப் பற்றி 1689-இல் பெரும் நூல் ஒன்றைச் சொந்தச் செலவில் கொண்டுவந்தார்; அந்தக் கடனில் கோட்டையையே விற்க வேண்டி வந்தது. ஒரு மண்ணின் மேல் இப்படிப் பைத்தியமாக இருந்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். 1960-களின் கடைசியில் பொறியாளர்கள் ஏரியை நிரந்தரமாக்க முயன்றார்கள். நீர் வெளியேறும் குகைவாய்களைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். நீர் வேறு வழி பார்த்துப் போய்விட்டது.

வேலை நிமித்தம் லியுப்லியானாவில் இருந்த காலத்தில் இந்த நாட்டின் மேல் எனக்குப் பெரும் பிரியம் ஏற்பட்டது. ஊரில் இதைப் பற்றிப் பேசினால் முக்கால்வாசிப் பேர் ஸ்லோவாக்கியா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் முதலில் அடிப்படை விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, வடகிழக்கே ஹங்கேரி, தெற்கிலும் கிழக்கிலும் குரோவேஷியா. பரப்பு சுமார் 20,270 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 21 லட்சம். தலைநகர் லியுப்லியானாவில் ஏறத்தாழ 3 லட்சம் பேர். 1991 வரை யூகோஸ்லாவியாவின் ஒரு குடியரசு. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 முதல் யூரோ. நிலத்தில் பாதிக்கு மேல் காடு. அந்தக் காட்டில் கரடிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இவ்வளவு சின்ன இடத்தில் நான்கு வகை நிலங்கள் வந்து முட்டிக்கொள்கின்றன. வடமேற்கில் ஆல்ப்ஸ், அதில் 2,864 மீட்டர் உயரமுள்ள த்ரிக்லாவ் சிகரம் நாட்டுக் கொடியிலேயே இருக்கிறது. கிழக்கில் ஹங்கேரியச் சமவெளியின் நுனி. தென்மேற்கில் அட்ரியாட்டிக் கடல், கரை நீளம் மொத்தமே 47 கிலோமீட்டர்தான். இவற்றுக்கு நடுவே, தெற்குப் பக்கமாக, நான் சொன்ன சுண்ணாம்புக்கல் பூமி. உலகத்தில் எங்கே இப்படிப்பட்ட நிலம் இருந்தாலும் புவியியலாளர்கள் கார்ஸ்ட் என்கிறார்கள் அல்லவா, அந்தப் பெயர் இங்கே த்ரியெஸ்தே நகரத்துக்குப் பின்னால் இருக்கும் பீடபூமியின் பெயர்தான்.

தலைநகரின் நடுவே ஓடும் லியுப்லியானிட்சாவுக்கு ஏழு பெயர் கொண்ட ஆறு என்று பெயர். அது குரோவேஷிய எல்லையோரம் ஒரு பெயரில் பிறக்கிறது. கொஞ்ச தூரம் ஓடித் தரைக்குள் போகிறது, வேறு பெயரில் வெளியே வருகிறது. செர்க்னிட்சா ஏரியின் நடுவே ஓடும் அந்த வாய்க்காலும் அதே ஆறுதான். அங்கே அதன் பெயர் ஸ்த்ர்ழென். மறுபடி மறைந்து, ராக் என்ற பெயரில் ஒரு பள்ளத்தாக்கில் தலைகாட்டி, மீண்டும் மலைக்குள் நுழைகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து பிவ்கா ஆறு போஸ்தோய்னா குகை வழியாக வருகிறது. இரண்டும் ப்லானினா குகைக்குள் இருட்டில் ஒன்றாகச் சேர்கின்றன. சேர்ந்த பிறகு உனிட்சா, மறுபடி தரைக்குள், கடைசியாக வெர்ஹ்னிகா ஊரருகே பல ஊற்றுகளாக வெளிப்பட்டு லியுப்லியானிட்சா ஆகிறது. பழைய காலத்தில் ஒவ்வொரு பள்ளத்தாக்கு மக்களும் தங்கள் ஊரில் தெரிந்த துண்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே ஆறு என்று அறிவியல் பிறகுதான் நிரூபித்தது.

தலைநகருக்குத் தெற்கே இந்த ஆறு ஒரு சதுப்புநிலத்தைக் கடக்கிறது. அங்கே 2002-இல் சேற்றுக்குள்ளிருந்து ஒரு மரச்சக்கரத்தை அச்சோடு சேர்த்து எடுத்தார்கள். வயது சுமார் 5,150 ஆண்டு. இதுவரை கிடைத்த மரச்சக்கரங்களில் மிகப் பழையது என்று கருதப்படுகிறது. லியுப்லியானா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஷ் என்ற மரத்தின் இரண்டு பலகைகளைச் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். நடுத்துளை சதுரமானது, சக்கரம் சுழலும்போது அச்சும் கூடவே சுழல்வதற்காக. கண்ணாடிக்குப் பின்னால் கருத்துப்போய்க் கிடந்த அதன் முன்னே நான் நெடுநேரம் நின்றேன்.

போஸ்தோய்னா குகையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 24 கிலோமீட்டர் நீளம். உள்ளே தண்டவாளம் போட்டது 1872-இல். கூட்டம் எப்போதும் தாங்காது. ஆனால் அங்கே வாழும் ஒரு பிராணிக்காக அந்தக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். உயிரியலில் புரோட்டியஸ் என்பார்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, மெலிந்த உடம்பு, மனிதத் தோல் போன்ற வெளிறிய இளஞ்சிவப்பு நிறம், குச்சி குச்சியாக நான்கு கால்கள். முன்கால்களில் மூன்று விரல், பின்கால்களில் இரண்டு. கண்கள் தோலுக்கடியில் மூடிப்போய்விட்டன. தலைக்கு இருபுறமும் செவுள்கள் சிவப்புக் குஞ்சம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், எழுபது வயதுக்கு மேலும் வாழும். மழைவெள்ளத்தில் இவை சில நேரம் வெளியே அடித்துவரப்பட்டதைப் பார்த்த கிராமத்தார், குகைக்குள் டிராகன் இருக்கிறது, இது அதன் குட்டி என்று நம்பினார்கள். வல்வசோர் அந்தக் கதையையும் பதிவுசெய்திருக்கிறார். 2016-இல் குகையின் தொட்டியில் ஒன்று முட்டையிட்டுக் குஞ்சுகள் பொரிந்தபோது நாடே வாரக்கணக்கில் அந்தச் செய்தியைத் தொடர்ந்தது.

சரி, மக்களுக்கு வருவோம். மலையும் பள்ளத்தாக்கும் காடும் துண்டு துண்டாகப் பிரித்துவைத்த இடத்தில் மனிதர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். 21 லட்சம் பேர் பேசும் மொழியில் ஏழு பெரிய வட்டார வழக்குகள், அவற்றுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைவழக்குகள். கிழக்கு மூலையில் ப்ரெக்முர்யேக்காரர் வேகமாகப் பேசினால் தலைநகர்க்காரர் முழிப்பதை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். இவர்களுக்கென்று நீண்டகாலம் ஆண்ட அரச வம்சம் கிடையாது. 14-ஆம் நூற்றாண்டு முதல் ஹாப்ஸ்பர்க் அரசின் கீழே இருந்தார்கள். அரசாங்கமும் கல்வியும் ஜெர்மனில் நடந்தன. அப்படியிருந்தும் இவர்கள் ஒரு மக்களாக நின்றதற்கு அந்த மொழி எழுத்தில் நிலைத்ததுதான் காரணம். இதை நான் சொந்த அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. அவர்கள் பையில் இருக்கும் சில்லறையே இதைச் சொல்கிறது.

ஸ்லோவேனியாவின் 1 யூரோ நாணயத்தில் இருப்பவர் ப்ரிமொழ் த்ருபார், ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியார். தாய்நாட்டில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டு, ஜெர்மனியில் இருந்துகொண்டு 1550-இல் ஸ்லோவேனிய மொழியின் முதல் இரண்டு அச்சு நூல்களைக் கொண்டுவந்தவர். ஒன்று ஞானோபதேசம், மற்றொன்று அரிச்சுவடி. அவருக்குப் பின் வந்த யூரி தல்மாதின் 1584-இல் முழு பைபிளையும் மொழிபெயர்த்து அச்சிட்டார். 2 யூரோ நாணயத்தில் ஃப்ரான்ட்ஸெ ப்ரெஷெரன், 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர். லியுப்லியானாவின் நடுச்சதுக்கத்தில் நிற்கும் சிலையும் அவருடையதுதான். அவர் இறந்த நாளான பிப்ரவரி 8 அரசு விடுமுறை. அன்று அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. நாட்டுப்பண் அவர் கவிதையின் ஏழாவது பத்தி. எல்லைக்கு அப்பால் இருப்பவன் பேயாக இல்லாமல் அண்டை வீட்டானாக இருக்கும் நாள் எல்லா மக்களுக்கும் வரட்டும் என்று வாழ்த்துகிற வரிகள் அவை. தன் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசாத இப்படியொரு நாட்டுப்பண்ணை வைத்துக்கொள்ள மனம் வேண்டும்.

அந்த வாழ்த்துக்கு அவசியம் இருந்தது. முதல் உலகப்போரில் சோச்சா ஆற்றை ஒட்டி இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் 1915 முதல் 1917 வரை பன்னிரண்டு முறை மோதின. மரகதப் பச்சையில் ஓடுகிற அந்த ஆற்றைப் பார்த்தால் நம்பவே முடியாது. மேலே மலை உச்சிகளில் பதுங்குகுழிகள் இன்றும் இருக்கின்றன. கோபரித் ஊரில் அந்தப் போருக்கென்றே நல்ல அருங்காட்சியகம் ஒன்று உண்டு. போர் முடிந்து 1920-இல் எல்லை கிழித்தபோது மேற்குப் பகுதி முழுக்க இத்தாலிக்குப் போனது. பாசிச ஆட்சி அங்கே ஸ்லோவேனியப் பள்ளிகளை மூடியது, ஆட்களின் பெயர்களைக்கூட இத்தாலியமாக்கியது. அதே ஆண்டு வடக்கே, ஸ்லோவேனிய மொழி பேசுவோர் நிறைந்த கரிந்தியாவின் தென்பகுதி மக்கள் வாக்கெடுப்பில் ஆஸ்திரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி மூன்றும் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டன. ஜெர்மானியர் பிடித்த பகுதியில் பள்ளியிலும் தெருப்பலகையிலும் ஸ்லோவேனிய மொழி இல்லாமல் போனது. பல்லாயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு நாடுகடத்தப்பட்டார்கள்.

அந்த நாட்களில் இத்ரியா ஊருக்கு மேலே, வொய்ஸ்கோ மலைக்காட்டில், ஆக்கிரமிப்பை எதிர்த்த கெரில்லாப் படையினர் ஓர் அச்சகத்தை மறைத்து வைத்திருந்தார்கள். 1944-இல் இத்தாலியிலிருந்து கடத்திவந்த இயந்திரம். அதில் நாளிதழ் அச்சாகிப் பள்ளத்தாக்குகளுக்குப் போனது. எதிரி கடைசிவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை. மரக்குடிசை அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது, ஏறிப்போய்ப் பார்க்கலாம். துப்பாக்கிக்கு ஆள் பற்றாத நேரத்தில் அச்சுக்கோர்க்க ஆள் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த மக்களைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவிய இடம் அதுதான். போர் முடிந்ததும், வெற்றிபெற்ற அதே கெரில்லாப் படையினர் தங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களை ஆயிரக்கணக்கில் கொன்று காட்டுக் குழிகளிலும் சுரங்கங்களிலும் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழமான பள்ளங்கள் பல புதைகுழிகளாயின. இன்றும் அந்த எலும்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசியலில் இன்னும் ஆறாத சண்டை அது.

1990 டிசம்பர் 23-இல் சுதந்திரத்துக்காக வாக்கெடுப்பு நடந்தது. வாக்குரிமை உள்ளவர்களில் 88.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1991 ஜூன் 25-இல் அறிவிப்பு வந்தது. இரண்டு நாளில் யூகோஸ்லாவிய ராணுவம் டாங்கிகளோடு நகர்ந்தது, பத்து நாளில் சண்டை முடிந்தது. குரோவேஷியாவும் பாஸ்னியாவும் அனுபவித்ததோடு ஒப்பிட்டால் பெரும் நிம்மதி.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் இந்த நாட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. யூகோஸ்லாவியாவின் மற்றக் குடியரசுகளிலிருந்து வந்து, வருடக்கணக்காக இங்கேயே வேலைசெய்து, கல்யாணம் செய்து, வீடு கட்டி வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பம் ஏற்கப்படாதவர்கள் என 25,671 பேரின் பெயரை 1992 பிப்ரவரி 26-இல் நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். அறிவிப்புக் கடிதம்கூட இல்லை. வேறு ஏதோ வேலையாக அலுவலகத்துக்குப் போனவரின் அடையாள அட்டையை வாங்கி ஓட்டைபோட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு வேலை போனது, மருத்துவக் காப்பீடு போனது; சிலர் போர் நடக்கும் நாட்டுக்கே அனுப்பப்பட்டார்கள். நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது. 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதையே சொன்னது. குடியரசுத் தலைவர் போருட் பாஹோர் மன்னிப்புக் கேட்டது 2022-இல். இத்தாலிய, ஹங்கேரியச் சிறுபான்மையினருக்கு 90 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிற, கடலோர ஊர்களில் தெருப்பெயரைக்கூட இரண்டு மொழியில் எழுதுகிற அதே நாடுதான் இதையும் செய்தது. மொழியால் நிமிர்ந்த மக்கள், தங்கள் நடுவில் வேறு மொழியோடு வாழ்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அதன் பிறகு எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் நான் தேடிப் பார்க்கிறேன்.

அன்றாடத்தில் நான் பழகியவர்கள் அடக்கமானவர்கள், கொஞ்சம் ஒதுங்கியே இருப்பவர்கள், நேரம் தவறாதவர்கள். சனி, ஞாயிறு வந்தால் ஊரே மலையேறப் போய்விடும். வாழ்நாளில் ஒருமுறையாவது த்ரிக்லாவ் ஏறாதவன் ஸ்லோவேனியனே இல்லை என்று அவர்கள் சொல்வதுண்டு; அறுபது வயது தாண்டிய என் பக்கத்து வீட்டு அம்மா அதைப் பல தடவை ஏறியவர். அப்புறம் தேனீ. 21 லட்சம் பேரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேனீ வளர்க்கிறார்கள். சாம்பல் நிறக் கார்னியோலத் தேனீதான் இந்த மண்ணின் இனம். வேறு இனத்தை வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஐ.நா. மே 20-ஐ உலகத் தேனீ நாளாக அறிவித்ததும் ஸ்லோவேனியா முன்வைத்த தீர்மானத்தால்தான். வியன்னாவில் பேரரசி மரியா தெரேசா அமைத்த தேனீ வளர்ப்புப் பள்ளியின் ஆசிரியர் அந்தோன் யான்ஷா விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு ஸ்லோவேனியர். மே 20 அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள்.

தேனீப் பெட்டிகளைத் தனித்தனியாக வெளியில் வைக்கமாட்டார்கள். ஒரு சின்ன மரவீட்டின் சுவரில் இழுப்பறைகள் போல அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொன்றின் முகப்புப் பலகையிலும் ஒரு படம்: கன்னி மரியாள், யோபு, வேட்டைக்காரனைத் தூக்கிக்கொண்டு போகும் காட்டு விலங்குகளின் சவ ஊர்வலம், சாணைக்கல்லில் பெண்ணின் நாக்கைத் தீட்டும் சாத்தான். கடைசிப் படம் இன்று பார்க்க உறுத்துகிறது, இருந்தாலும் அந்தக் காலத்துக் கிராமம் எதைப் பார்த்துச் சிரித்தது என்று அதிலிருந்து தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில்கூட எந்தப் பெட்டியிலிருந்து தேனீக்கூட்டம் பறந்தது என்று படத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ரதோவ்லிட்சா ஊரின் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் இருக்கின்றன. சுற்றுலாவுக்குப் பேர்போன ப்லெத் ஏரிக்குப் போகிற எல்லோரும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், இறங்குகிறவர்கள் குறைவு.

ப்லெத் அழகுதான், தீவும் தேவாலயமும் படத்தில் பார்த்தபடியே இருக்கும். எனக்கு அதைவிடச் செச்சோவ்ல்யே உப்பளம் பிடித்தது. அந்த 47 கிலோமீட்டர் கடற்கரையின் தெற்கு முனையில் இருக்கிறது. பாத்தியின் அடியில் பாசியும் நுண்ணுயிரியும் சேர்ந்த ஒரு மெல்லிய படலத்தை வளர்த்துக் காக்கிறார்கள். அது சேற்றையும் உப்பையும் கலக்கவிடாமல் பிரித்துவைப்பதால் உப்பு வெள்ளையாக வருகிறது. கோடையில் மரப்பலகையால் இழுத்துக் குவிக்கிறார்கள், குளிர்காலம் முழுவதும் அந்தப் படலத்தைப் பராமரிக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கார் எடுக்காமல் யெசெனிட்சே ஊரிலிருந்து நோவா கொரிட்சா வரை ரயிலில் போங்கள். 1906-இல் திறந்த பாதை அது. ஆல்ப்ஸைச் சுரங்கம் வழியே கடந்து சோச்சாவை ஒட்டி இறங்கும். கடைசியில் வரும் சொல்கான் பாலத்தின் வளைவு 85 மீட்டர். ரயில் பாலங்களில் உலகின் மிகப் பெரிய கல் வளைவு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறு நிறைய நேரம் தெரியும். இறங்கியதும் ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் சதுக்கத்தில் பாதி ஸ்லோவேனியா, பாதி இத்தாலி. 1947-இல் பழைய நகரம் இத்தாலிப் பக்கம் போனதால் இந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஊர்தான் நோவா கொரிட்சா. சதுக்கத்தின் நடுவே இருந்த வேலியை 2004-இல் எடுத்தார்கள். 2025-இல் இரண்டு நகரங்களும் சேர்ந்து ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமாக இருந்தன. நிலையக் கட்டடத்திலேயே அந்த எல்லையைப் பற்றிச் சின்ன அருங்காட்சியகம் உண்டு. திரும்பும் ரயில்கள் குறைவு, கிளம்பும் முன்பே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.